கஞ்சி போடாத துணி

வீட்டில் வாஷிங் மெஷின் பழுதாகி மூன்று நாள் ஆகிவிட்டது. மழை வேறு. மகள் என்னையும் அழுக்குத் துணிப் பையையும் காசு போட்டால் துவைக்கும் டோபி கடையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சுங்கைப் பட்டாணியை விட்டு வெளியே போகும் ரோட்டில், ராணுவக் கேம்ப் வாசலுக்கு எதிரே உள்ள கடை வரிசையில், மூலைக் கடை அது. முதலாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. எட்டு மெஷின், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு கேமரா.

நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு தமிழ்ப் பையன் வந்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தது. கேம்ப் ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பையிலிருந்து யூனிஃபார்மை எடுத்தான். மார்பில் இருந்த பெயரைப் பிடித்து இழுத்தான். பர்ரென்று கையோடு வந்தது. தோளில் இருந்த பேட்ஜையும் அப்படியே பிய்த்தான். எல்லாம் இப்போது ஒட்டுகிறதுதான். அவற்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு யூனிஃபார்மை மெஷினுக்குள் வீசினான். பிறகு காய வைக்கும் மெஷினுக்கு மாற்றினான். சூடான துணி வாசம் வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த வாசம் அதில் இல்லை. கஞ்சி வாசம் இல்லை.

கண்ணை மூடினால் இன்றும் அந்த வாசம் வரும். மரவள்ளி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் நீரை மேலே ஊற்றிக் கிண்டினால், வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி ஆகும். லேசான புளிப்பு வாசம். அதில் பச்சை யூனிஃபார்மை முக்கிப் பிழிந்து காயப் போட்டால் துணி பலகை மாதிரி நிற்கும். அப்புறம் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட வேண்டும். முதுகில் மூன்று கோடு, கையில் ஒரு கோடு. கோட்டின் மேல் விரலை வைத்தால் வெட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

என் அப்பாவுக்கு மரவள்ளி என்றாலே ஆகாது. சின்ன வயதில் பஞ்சக் காலத்தில் அதை மட்டுமே தின்று வளர்ந்தவர். நான் செய்யும் வேலையைக் கேட்டதும், "நாங்க திங்க இல்லாம கெடந்தத நீங்க சட்டைக்கு ஊத்துறீங்களா?" என்றார். சம்பளத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

எங்கள் தோட்டம் கோலா கெத்தில் பக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அம்மாவோடு பால் மரம் சீவப் போனேன். பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனையில் பெண்களுக்கு வேலை குறைவு. யாரோ சொல்லி பஸ் ஏறி இந்த வரிசைக்கு வந்தேன். டோபி கடை முதலாளி வேலு அண்ணன். அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்திலேயே கேம்ப் துணி துவைத்தவர். வேலு அண்ணன் என்னிடம் துவைக்கத் தெரியுமா, தேய்க்கத் தெரியுமா என்று எதுவும் கேட்கவில்லை. "ரொம்பப் பேசுவியா புள்ள?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நாளைக்கு வந்துவிடு என்றார். வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய பரீட்சை அது ஒன்றுதான்.

அப்போது வரிசையில் ஆறு கடை. முடி வெட்டும் கடை, தையல் கடை, எங்கள் டோபி கடை, தேத்தண்ணிக் கடை, மளிகைக் கடை, பூட்ஸும் பெல்ட்டும் விற்கிற கடை. மூலைக் கடைக்கான லாட் காலியாகக் கிடந்தது. ஆறு கடைக்கும் எசமான் ஒருவர்தான், எதிரே இருந்த கேம்ப். சிப்பாய்க்குச் சம்பளம் போட்டால் அன்று சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் பெஞ்சி போதாது. பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் வீடு வாடகைக்கு எடுப்பார்கள். கேம்ப் சமையலுக்கு மெர்போக் பக்கமிருந்து கோழியும் காய்கறியும் லாரியில் வரும். அந்த லாரிக்காரன்கூட எங்கள் வரிசையில்தான் சாப்பிடுவான். எங்களில் யாரும் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. ஆனாலும் அத்தனை பேருக்கும் சோறு அங்கிருந்துதான்.

கூட்டம் கூட்டமாகச் சிப்பாய்கள் தாய்லாந்து எல்லைக் காட்டுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது துணி மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். சேறு, புகை, வேர்வை. கால் சட்டையில் அட்டை கடித்த ரத்தம் கறுத்து ஒட்டியிருக்கும். சில சமயம் அது அட்டை கடித்த ரத்தம் மாதிரி இருக்காது. அதைத் தனியாக எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவோம். வேலு அண்ணன் எதுவும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

ஒரு பட்டாளம் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பிறகு மாறிப் போகும், வேறு பட்டாளம் வரும். நடுவில் ஒரு மாதம் வரிசை ஈ ஓட்டும். அது எல்லோருக்கும் பழக்கம். எப்போது போகும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. சிப்பாய்கள் சொல்லக் கூடாது.

எங்கள் கடைக்கு மட்டும் தெரியும். யாரும் சொல்லித் தெரிவதில்லை. கஞ்சி போட்ட துணியை மூட்டையில் அமுக்கி வைத்தால் மடித்த இடத்தில் நூல் முறிந்துவிடும். அதனால் மாறிப் போகிற நேரம் வந்தால், துணி போடும்போதே "காஞ்சி தக் பாயா" என்பார்கள். கஞ்சி வேண்டாம். ஒருவர் இருவர் சொன்னால் லீவில் போகிறார்கள். ஐம்பது பேர் சொன்னால் பயிற்சிக்குப் போகிறார்கள். ஆபீசர் துணி வரைக்கும் எல்லாத் துணியும் அப்படி வந்தால் பட்டாளமே கிளம்புகிறது.

வேலு அண்ணன் அதை வெளியே விட மாட்டார். கேம்புக்குள் போய்த் துணி எடுக்க அவருக்கு ஒரு பாஸ் இருந்தது. படம் ஒட்டி பிளாஸ்டிக் போட்ட அட்டை. சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். எனக்கு முந்திய காலத்தில், உள்ளே பலகாரம் விற்ற ஒருவர் பட்டாளம் கிளம்பப் போவதை வெளியே பேசிவிட்டாராம். மறுநாள் அவர் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தக் கதையை வேலு அண்ணன் என்னிடம் மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

அடுத்த கடை தையல்காரர் மணியம் அண்ணன். பெயர்ப் பட்டை, தோள் பேட்ஜ், கைப் பட்டை எல்லாம் அவர்தான் தைப்பார். "கேம்புல பாதி பேரு என் நூல்லதான் லா தொங்கறான்" என்று மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். மதியம் அவர் மனைவி பாக்கியம் அக்கா சோறு கொண்டு வந்தால், எனக்கும் ஒரு கரண்டி குழம்பு தனியாக வரும். நான் கேட்டதே இல்லை.

அவர் மெஷினில் உட்கார்ந்தால் நேராகத் தெரிவது எங்கள் முன் கொடி. வரிசையில் மற்றவர்களுக்குக் கஞ்சி விஷயம் தெரியாது. பக்கத்திலேயே இத்தனை வருஷம் இருந்ததால் அவர் கண்டுபிடித்துவிட்டார். காலையில் கடை திறக்க வரும்போது கொடியில் ஒரு சட்டையின் ஓரத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நிமிண்டிப் பார்ப்பார். மொடமொட என்று இருந்தால் திருப்தி. "துணி எப்படி தங்கச்சி?" என்பார். "எப்பவும் போலத்தான்ணே" என்பேன். தினமும் நடக்கும்.

அப்புறம் எல்லையில் சண்டை முடிந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் வெளியே வந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். சுங்கைப் பட்டாணியில் எல்லோருக்கும் சந்தோஷம். பெற்ற பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு இருந்த தாய்மார்கள் எத்தனை பேர். எங்கள் வரிசையிலும் சிரித்தார்கள். ஆனால் தேத்தண்ணிக் கடையில் அன்று பேச்சு சீக்கிரம் நின்றுவிட்டது. இனி துணியில் ரத்தம் வராது என்று நினைத்தேன். அடுத்தபடியாக, இனி துணியே வராதோ என்றும் நினைத்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நினைத்தது நினைத்ததுதான்.

மணியம் அண்ணன் அப்படி நினைக்கவில்லை. காட்டுக்குப் போகாவிட்டால் கேம்பிலேயே இருப்பார்கள். கேம்பில் இருந்தால் அணிவகுப்பு, விருந்து, விளையாட்டு. அதற்கெல்லாம் பேட்ஜ் வேண்டும், கோட்டு வேண்டும். அவர் கணக்கு அது. காலியாகக் கிடந்த மூலை லாட்டை எடுத்தார். மூன்று மெஷின் போட்டு இரண்டு பெண்களை வேலைக்கு வைக்கத் திட்டம். பாக்கியம் அக்கா கழுத்தில் தாலி மட்டும் இருந்தது. அந்த லாட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது நானும் போய்ப் பார்த்தேன். எந்த மெஷின் எங்கே என்று கரித்துண்டால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தார். அப்போது கேம்பில் இருந்த பட்டாளத்தின் பேட்ஜை பினாங்கில் ஒரு பூத்தையல் கடையில் மொத்தமாகச் செய்யக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மொத்தமாகக் கொடுத்தால்தான் விலை கட்டுமாம். இருபுறம் பச்சை, நடுவில் மஞ்சள் நூலில் ஒரு கத்தி. ஒரு பட்டாளத்தின் பேட்ஜை இன்னொரு பட்டாளம் போடாது. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதே வாரம் திங்கட்கிழமை வேலு அண்ணன் கேம்பிலிருந்து துணி எடுத்து வந்தார். மூட்டையை இறக்கி வைத்தார். எல்லாத் துணிக்கும் கஞ்சி வேண்டாம். ஆபீசர் துணிக்கும் வேண்டாம். ஒரு சார்ஜண்ட் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியே மூச்சு விட்டால் பாஸ் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வேலு அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இருபது சட்டைக்கு மட்டும் கஞ்சி போடு. அத முன் கொடில தொங்க வுடு. மத்ததெல்லாம் பின்னால சாக்கடைப் பக்கம்."

"மணியம் அண்ணே லாட்டு எடுத்திருக்காரு" என்றேன்.

"தெரியும். அடுத்த பட்டாளம் வரும்ல. அவருக்குத் தைக்க வேலயா இல்ல? பாஸ் போனா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல."

தோட்டத்தில் அப்பா அப்போதுதான் இருமலில் படுத்திருந்தார். தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில். நான் மாவைக் கரைத்தேன்.

செவ்வாய், புதன், வியாழன். அதே இருபது சட்டை. சாயங்காலம் எடுத்து, காலையில் ஈரம் தெளித்து மறுபடியும் தொங்கவிடுவேன். பார்க்கிறவர்களுக்குப் புதுத் துணி மாதிரி இருக்கும். மணியம் அண்ணன் தினமும் வந்து நிமிண்டிப் பார்த்தார். வியாழக்கிழமை கொஞ்ச நேரம் கூடவே நின்றார்.

"துணி எப்படி தங்கச்சி?"

"எப்பவும் போலத்தான்ணே."

"நாளைக்குப் பினாங்கு போறேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லயே?"

இப்படி அவர் என்றுமே கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். வேலு அண்ணன் கேட்டபோது ஆட்டிய அதே தலையாட்டல்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கெடா மாநிலத்தில் வார லீவு, பினாங்கில் கடை திறந்திருக்கும். காலையில் நான் முன் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். மணியம் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மஞ்சள் பையோடு, எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றார். பட்டர்வொர்த் போகும் பஸ் வர நேரம் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. இரண்டு கையிலும் ஈரத் துணி, வாயில் இரண்டு கிளிப். அதை எடுத்திருக்கலாம். எடுக்க ஒரு நொடி ஆகுமா? பஸ் வந்தது. ஏறிப் போனார். பஸ் போன பிறகு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினேன்.

அதற்கப்புறம் அந்த இருபது சட்டையையும் அலசிக் கஞ்சியை எடுத்து, மற்ற துணியோடு மடித்துக் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்துக் காலையில் கேம்ப் வாசல் இரண்டு பக்கமும் திறந்தது. லாரி ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. முடி வெட்டும் கடைக்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். பாதி வெட்டிய தலையோடு, முடி வெட்ட உட்கார்ந்திருந்தவரும் வந்து நின்றார். லாரியில் இருந்த பையன்கள் கையை ஆட்டினார்கள். மணியம் அண்ணன் மூலை லாட்டு வாசலில் நின்றார். கடைசி லாரி போகும் வரைக்கும் அவர் ரோட்டைத்தான் பார்த்தார். பிறகு எங்கள் கொடியைப் பார்த்தார். கொடியில் ஒன்றும் இல்லை.

மதியம் பினாங்குப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் அவருடைய பார்சல் வந்து இறங்கியது.

அடுத்த பட்டாளம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒரு மாதம், இரண்டு மாதம். எல்லையில் காவல் காக்க இனி அத்தனை ஆள் தேவையில்லை என்று பேசிக்கொண்டார்கள். புல் வெட்டவும் வாசலைக் காக்கவும் கொஞ்சம் ஆள் மட்டும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் துணியை அவர்களே துவைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் வீடுகளில் வாடகைக்கு என்று சீட்டு தொங்கியது. கோழி லாரி நின்றது. பூட்ஸ் கடை முதலில் மூடியது. வேலு அண்ணன் பாஸ் ஆணியில் அப்படியே தொங்கியது. தேதி முடியவில்லை. அதைக் காட்டிவிட்டு எந்த நேரத்திலும் உள்ளே போகலாம். உள்ளேதான் யாரும் இல்லை.

ஒருநாள் மணியம் அண்ணன் கடைக்குள் வந்தார். யாரோ ஒரு சிப்பாய் மறந்துவிட்டுப் போன சட்டை அலமாரியில் மடித்துக் கிடந்தது. அவரே அதை எடுத்தார். கழுத்துப்பட்டையைக் கட்டை விரலால் நிமிண்டினார். அது துவண்டு மடங்கியது.

"இதுக்குப் போடல" என்றார்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"முன்னால தொங்குனதுக்கு மட்டுந்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டையை மடித்து, வைத்திருந்தபடியே வைத்தார்.

"நல்லா தொங்க வுட்ட தங்கச்சி. எனக்கே தெரியல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூலை லாட்டைத் திருப்பிக் கொடுத்தார். மெஷினை விற்றார். கையுறை ஃபேக்டரி ஒன்றில் வாசல் காவலாளி ஆனார். அந்த நீல யூனிஃபார்மில் தோள் பேட்ஜை யாரோ கோணலாகத் தைத்திருந்தார்கள். அவர் அதைப் பிரித்து நேராக்கவில்லை. வாரம் ஒருமுறை அந்த யூனிஃபார்மை எங்கள் கடைக்குக் கொண்டு வருவார். "கஞ்சி போட்டுரு" என்பார். வாங்கிப் போகும்போது ஓரத்தை நிமிண்டிப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். பாக்கியம் அக்கா குழம்பு கொடுப்பதை நிறுத்தவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு வருஷத்தில் வேலு அண்ணனும் கடையை மூடினார். நானும் ஃபேக்டரிக்குப் போனேன். கல்யாணம், பிள்ளை, எல்லாம் ஆனது. வேலு அண்ணன் போய்ச் சேர்ந்தார். மணியம் அண்ணனும் போய்விட்டார். துக்கத்துக்குப் போனேன். அடுப்படியில் பாக்கியம் அக்கா கடுங்காப்பிச் சட்டியை இறக்கினார். கையில் கெட்டியான பிடிதுணி. பச்சையும் மஞ்சளும். நூல் கத்திகள் வரிசை வரிசையாக இருந்தன. அந்தப் பேட்ஜ்களை எல்லாம் அடுக்கித் தைத்திருந்தார்கள். தையல் மணியம் அண்ணன் கை. பார்த்ததும் தெரிந்தது. அந்தக் காப்பியை நான் குடித்தேன். குடிக்காமல் எப்படி வருவது?

கேம்ப் மறுபடியும் நிறைந்து ரொம்ப வருஷம் ஆகிறது. புதுக் கட்டடம், புது வேலி. சாப்பாட்டுக்கு, சாமானுக்கு எல்லாம் பெரிய கம்பெனி டெண்டர் எடுத்து லாரியை நேராக உள்ளே விடுகிறது. வரிசையில் இப்போது கைபேசிக் கடை, கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டும் கடை, பூட்டிக் கிடக்கும் இரண்டு லாட். மூலை லாட்டில்தான் இந்தக் காசு டோபி. மணியம் அண்ணன் கரியால் கோடு போட்ட தரையில் இப்போது வெள்ளை ஓடு.

காய வைக்கும் மெஷின் நின்றது. பையன் யூனிஃபார்மை எடுத்து உதறி அப்படியே பைக்குள் திணித்தான். சுருக்கமே இல்லை. இந்தத் துணிக்கு இஸ்திரியும் வேண்டாமாம்.

என் போர்வையை மடிக்க ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தான். நல்ல பையன். எனக்கு என்ன தோன்றியதோ, "எப்பப்பா மாறிப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே பயமாக இருந்தது.

"அடுத்த மாசம் ஆன்ட்டி" என்றான். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்காம். மனைவிமார் வாட்ஸ்அப் குரூப்பில் தேதியோடு வந்துவிட்டதாம். பேட்ஜை எடுத்துத் தோளில் ஒட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் வெளியே வந்தேன். கேம்ப் வாசல் பக்கம் குடை வைத்து ஒரு பெண் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பெண்தான், முப்பது வயது இருக்கும். முன்பின் பழக்கம் இல்லை. ரோட்டைத் தாண்டி நேராக அவளிடம் போனேன்.

"அடுத்த மாசம் இவங்க மாறிப் போறாங்கம்மா. அரிசி பார்த்து வாங்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்கா. போன மாசமே தெரியும் லா. எனக்கு ஆர்டரெல்லாம் போன்லதான். இங்க சும்மா ஒக்காந்திருக்கேன்." பிறகு, "ஒரு பொட்டலம் தரவாக்கா?" என்றாள்.

ஒன்று வாங்கிக்கொண்டேன். மகள் வர இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பக்கமே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்காரலாம் என்று நடந்தேன். நிறுத்தம் இல்லை. பெஞ்சும் கூரையும் எப்போதோ போய்விட்டன. ஒரு கம்பம் மட்டும் நிற்கிறது. அதில் கடன் கொடுப்பவர்களின் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. அந்தக் கம்பத்துப் பக்கத்தில், எங்கள் கொடி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, மகள் வரும் வரைக்கும் நின்றேன்.